கொச்சுவேளிச் சூளையும் பாப்பனங்கோட்டுக் குடுவையும்



நானோ அளவில் பொருள்கள் எப்படி உருவெடுக்கின்றன என்பது இன்றைய பேச்சு. எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. நம் திருவனந்தபுர நகரத்துக் கொச்சுவேளியில் இருக்கும் டிராவன்கூர் டைட்டானியம் தொழிற்சாலையிலிருந்து தொடங்குகிறேன். திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்தில், 1946இல் நிறுவப்பட்டு, 1951இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை அது. உள்ளே போவது கறுப்பு மணல். வெளியே வருவது வெள்ளைத் தூள். பெயின்ட், காகிதம், சோப்பு, ரப்பர் எல்லாவற்றிலும் வெண்மைக்காகச் சேர்க்கப்படும் டைட்டானியம் டை ஆக்சைடு.

நானோ என்ற சொல் நம் நாட்டுப் பாடப்புத்தகங்களில் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, அந்த ஆலைத் தொழிலாளர்கள் நானோமீட்டர் கணக்கில் படிகங்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. சூளையின் சூட்டையும் கொதிகலனின் நேரத்தையும் பார்த்துப் பார்த்து அவர்கள் காத்தது, 200 நானோமீட்டர் அளவுள்ள ஒரு துகளின் உருவத்தை. இந்த உழைப்பை நம் அறிவியல் வரலாற்றில் யாரும் சரியாக எழுதவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

மணலைப் பற்றி ஒரு சொல். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். அதைத் தேடி மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கே வந்து சேர்ந்தார். அவர் தேடியது மோனசைட்டில் உள்ள, எரிவாயு விளக்கு வலைகளுக்கான தோரியம். கூடவே கிடந்த கறுப்பு இல்மனைட்டின், அதாவது டைட்டானியக் கனிமத்தின், மதிப்பு பின்னால்தான் தெரிந்தது. மணவாளக்குறிச்சி 1956இல் தமிழகத்தோடு சேர்ந்தது, இதே மணல் கிடைக்கும் சவராக் கடற்கரை கேரளத்தில் இருந்தது. கடலுக்கு எல்லை தெரியாது. இரண்டு கரையிலும் ஒரே கனிமக் குடும்பம். ஆனாலும் சவரா இல்மனைட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு ஏறத்தாழ 60 விழுக்காடு, மணவாளக்குறிச்சியில் சுமார் 55. மழையும் வெயிலும் காலமும் இரும்பை எவ்வளவு கரைத்து வெளியேற்றின என்பதைப் பொறுத்தது அந்த வேறுபாடு.

இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் வேகவைத்துக் கரைக்கிறார்கள். கரைசலைக் குளிர வைத்தால் இரும்பின் பெரும்பகுதி பச்சைப் படிகமாக, அதாவது நம் சித்த மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று கேட்டு வாங்குகிற இரும்பு சல்பேட்டாகப் பிரிந்துவிடும். எஞ்சிய தெளிந்த கரைசலைக் கொதிக்க வைத்தால் டைட்டானியம் வெண்மையான வீழ்படிவாக இறங்கும். அதைக் கழுவிச் சுழல் சூளையில் சுடுவார்கள். இந்த வேலையில் உருவம் தீர்மானமாகும் கட்டங்கள் இரண்டே. ஒன்று, கொதிக்கும் கரைசலில் விதை விழும் கட்டம். மற்றொன்று, சூளை.

கொதிகலனில் முன்கூட்டியே தயாரித்த நுண்ணிய விதைப் படிகங்களைச் சேர்ப்பார்கள், அல்லது கரைசலுக்குள்ளேயே விதைகள் பிறக்கும்படி செய்வார்கள். எத்தனை விதை, எவ்வளவு வேகத்தில் கொதி, அமிலம் எவ்வளவு மிச்சம் என்பவை சேர்ந்து வீழ்படிவின் தன்மையை நிர்ணயிக்கின்றன. இங்கே பிறக்கும் படிகங்கள் பத்து நானோமீட்டருக்கும் குறைவானவை. அவை கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கீழே படிகின்றன. பிறகு 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரையிலான சூளையில் அவை ஒன்றையொன்று விழுங்கி, 200 நானோமீட்டருக்கு அருகில் வந்து நிற்க வேண்டும். நிற்க வேண்டும் என்று சொல்கிறேன், ஏனென்றால் அவை தாமாக நிற்காது. சூடு கூடினாலும் நேரம் நீண்டாலும் வளர்ந்துகொண்டே போகும். கரகரப்பான, மங்கிய தூள்தான் கிடைக்கும்.

ஏன் 200? நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதில் ஏறத்தாழப் பாதி அளவுள்ள துகள்தான் அந்த ஒளியை மிக வலுவாகச் சிதறடிக்கும். எல்லா நிறமும் சிதறித் திரும்பி வருவதைத்தான் வெண்மை என்று காண்கிறோம். அதே டைட்டானியம் டை ஆக்சைடை 20 நானோமீட்டரில் நிறுத்திவிட்டால் வெண்மை ஏறக்குறைய மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளி அதனூடே கடந்து போகும், புற ஊதாக் கதிர் மட்டும் தடைபடும். முகத்தில் பூசினால் வெள்ளையாகத் தெரியாத வெயில் களிம்புகளில் இருப்பது இதுதான். வேதியியல் வாய்பாடு மாறவில்லை. ஓர் ஆலையின் முதன்மைச் சரக்கு இன்னோர் ஆலைக்கு வேறு சரக்காகிவிட்டது.

அளவோடு கதை முடியவில்லை. அணுக்கள் அடுக்கப்படும் முறையும் உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடு முக்கியமாக அனட்டேஸ், ரூட்டைல் என்ற இரண்டு அடுக்குகளில் கிடைக்கிறது. நம் கொச்சுவேளி ஆலை பேர் பெற்றது அனட்டேஸ் வகைக்கு. சவராவில் இருக்கும் கேரளா மினரல்ஸ் அண்டு மெட்டல்ஸ் குளோரைடு முறையில் ரூட்டைல் செய்கிறது. வெளிச்சுவர்ப் பெயின்ட்டுக்கு ரூட்டைல்தான் உகந்தது. அனட்டேஸ் வெயிலில் தன்னைச் சுற்றியுள்ள பிசினையே மெல்லச் சிதைத்துவிடும். சுவரைத் தொட்டால் கையில் சுண்ணப்பொடி போல ஒட்டும். பெயின்ட்டுக்கு அது குறை. ஆனால் அழுக்கு நீரில் உள்ள கரிமப் பொருளை வெயிலைக் கொண்டு சிதைக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு அதுவே வரம். 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஒளி பாய்ச்சி நீரைப் பிளந்து காட்டிய பிறகு, உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் இந்தக் குணத்தின் பின்னால் ஓடின.

சாதாரண அளவில் ரூட்டைல்தான் நிலையான வடிவம். போதிய சூடு கிடைத்தால் அனட்டேஸ் ரூட்டைலாக மாறிவிடும். ஆறவைத்தால் திரும்பி வராது. அப்படியானால் கரைசலில் முதலில் பெரும்பாலும் அனட்டேஸ் பிறப்பது ஏன்? ஜாங், பான்ஃபீல்டு என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. துகள் மிகச் சிறியதாக இருக்கும்போது அதன் அணுக்களில் பெரும் பங்கு மேற்பரப்பில் இருக்கிறது. மேற்பரப்பை வைத்துக்கொள்ள ஆற்றல் செலவாகும். அனட்டேசுக்கு அந்தச் செலவு குறைவு. ஆகவே ஏறத்தாழ 14 நானோமீட்டருக்குக் கீழே அனட்டேஸ்தான் நிலையானது. வளர்ந்து அந்த எல்லையைத் தாண்டிய பிறகுதான் ரூட்டைலின் கை ஓங்குகிறது. எது நிலையான பொருள் என்பதையே அதன் அளவு தீர்மானிக்கிறது. இதை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை.

சூளைக்காரருக்கு இந்தக் கொள்கை தெரியாமல் இருந்திருக்கலாம், செய்கை தெரிந்திருந்தது. சிறிதளவு பாஸ்பேட் இருந்தால் அனட்டேஸ் அதிகச் சூட்டையும் தாங்கி மாறாமல் நிற்கும். துத்தநாகம் கலந்தால் ரூட்டைல் சீக்கிரம் வரும். ரூட்டைல் விதையையே தொடக்கத்தில் இட்டுவிட்டால் இன்னும் குறைந்த சூட்டில் வரும். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் ஒரு சேர்மானம், சூளைக்குள் இருக்கும் டன் கணக்கான பொருளின் போக்கைத் திருப்புகிறது.

இந்த விதை விஷயத்தைச் சற்று நின்று பார்ப்போம். நம் பக்கத்தில் உடன்குடியிலும் குமரி மாவட்டத்திலும் பதநீர் காய்ச்சுபவர்களைக் கேட்டால் எளிதாகப் புரியும். ஒரே பதநீர். கெட்டியாகும்வரை காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் சற்று நேரத்தில் இறுகிக் கருப்பட்டி ஆகிறது. அதற்கு முந்தின பதத்தில் இறக்கி, நூல் கட்டிய பானையில் ஊற்றி, நாற்பது நாள் அளவுக்கு அசைக்காமல் விட்டால் நூலில் பனங்கற்கண்டு பூக்கிறது. கருப்பட்டியில் ஒரே நேரத்தில் விதை போன்ற எண்ணற்ற படிகக் கருக்கள் பிறந்து, எதுவும் பெரிதாக வளர இடமில்லாமல் போகிறது. கற்கண்டில் கருக்கள் சில, சத்து மெதுவாக வந்து சேர்கிறது, படிகம் பெரிதாகிறது.

நானோ படிகங்களிலும் இதே கணக்குத்தான். 1950இல் லாமெர், டைனிகர் என்ற இரு ஆய்வாளர்கள் அதைத் தெளிவாகச் சொன்னார்கள். எல்லாத் துகளும் ஒரே அளவாக வேண்டுமானால், கருக்கள் எல்லாம் ஒரே நொடியில் பிறக்க வேண்டும். அதன் பிறகு புதிதாக எதுவும் பிறக்கக் கூடாது. பிறந்தவை மட்டும் சேர்ந்து வளர வேண்டும். பிறப்பையும் வளர்ப்பையும் பிரிப்பதுதான் கலை. வேதியியலர் மௌங்கி பாவெண்டியின் குழு 1993இல் சுமார் 300 டிகிரி சூட்டில் இருந்த கரைப்பானில், குளிர்ந்த வேதிக் கரைசலைச் சட்டென்று ஊசியால் செலுத்தியது. உடனே கருக்கள் கூட்டமாகப் பிறந்தன. குளிர்ந்த திரவம் விழுந்ததால் சூடு தணிந்து புதுப் பிறப்பு நின்றது. மறுபடி மெல்லச் சூடேற்றி வேண்டிய அளவுக்கு வளர்த்தார்கள். அப்படி வளர்த்த காட்மியம் செலினைடுப் படிகத்தை இரண்டு நானோமீட்டர் அளவில் நிறுத்தினால் நீலமாக ஒளிர்கிறது. ஆறு நானோமீட்டர் வரை விட்டால் சிவப்பு. அதற்கும் முன்னால் சோவியத் நாட்டில் எகிமோவ், செப்புக் குளோரைடு கலந்த கண்ணாடியை 500 முதல் 700 டிகிரி வரையிலும், ஒரு மணி முதல் 96 மணி நேரம் வரையிலும் சுட்டுச் சுட்டுப் பார்த்து, 2 முதல் 30 நானோமீட்டர் வரையிலான படிகங்களைக் கண்ணாடிக்குள்ளேயே வளர்த்திருந்தார். 2023இன் வேதியியல் நோபல் பரிசு இவர்கள் இருவருக்கும் லூயிஸ் புரூசுக்கும் கிடைத்தது. எகிமோவ் மாற்றியது சூட்டையும் நேரத்தையும் மட்டுமே.

கொச்சுவேளியிலிருந்து நகரத்தின் மறு முனைக்குப் போவோம், பாப்பனங்கோட்டுக்கு. 1975இல் தொடங்கி, பல ஆண்டுகள் மண்டல ஆய்வுக்கூடம் என்ற பெயரில் இயங்கி, 2007 முதல் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்று அழைக்கப்படும் மத்திய ஆய்வகம் அங்கே இருக்கிறது. அங்கேதான் கே. ஜார்ஜ் தாமசும் அவர் மாணவர்களும் பொன் நானோ தண்டுகளைக் கொண்டு, உலகம் திரும்பிப் பார்த்த ஆய்வுகளைச் செய்தார்கள். பின்னர் அவர் விதுராவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்றார்.

பொன் நானோ அளவில் மஞ்சளாக இருப்பதில்லை. மைக்கேல் ஃபாரடே 1857இலேயே செந்நிறப் பொன் கரைசலைச் செய்து காட்டி, நிறத்துக்குக் காரணம் பொன்னின் மிக நுண்ணிய துகள்களே என்று சொன்னார். 1973இல் ஃபிரென்ஸ் என்ற ஆய்வாளர், பொன் உப்போடு சேர்க்கும் சிட்ரேட்டின் அளவைக் குறைக்கக் குறைக்கத் துகள் பெரிதாவதைக் காட்டினார். அவையெல்லாம் கோளங்கள். கோளம் இயற்கைக்கு எளிது. குறைந்த மேற்பரப்பு, குறைந்த செலவு. தண்டாக வளர்க்க வேண்டுமானால் பொன்னைக் கட்டாயப்படுத்த வேண்டும்.

சில நானோமீட்டர் அளவுள்ள பொன் விதைகளை முதலில் செய்துகொள்கிறார்கள். செட்டில் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு என்ற சோப்பு போன்ற பொருளின் கரைசலில், பொன் உப்பும் சிறிது வெள்ளி நைட்ரேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் கலந்து அதில் விதையை இடுகிறார்கள். அஸ்கார்பிக் அமிலம் நமக்குப் பழக்கமான வைட்டமின் சி. அது மெலிந்த ஒடுக்கி. தானாகப் புதுக் கருக்களைப் பிறப்பிக்கும் வலிமை அதற்கு இல்லை. விதையின் மேல் மட்டும் பொன்னைப் படிய வைக்கும். வெள்ளி அயனிகள் படிகத்தின் சில முகங்களில் ஒட்டி அங்கே வளர்ச்சியைத் தடுக்கின்றன என்பது பலர் ஏற்ற விளக்கம். மற்ற முகங்களின் வழியாகப் பொன் நீண்டு வளர்கிறது. வெள்ளியைக் கூட்டினால், ஒரு வரம்பு வரை, தண்டு நீளும். தண்டு நீள நீள அது உறிஞ்சும் ஒளி சிவப்பையும் தாண்டி அகச்சிவப்புப் பக்கம் நகரும்.

அந்தச் சோப்பு மூலக்கூறுகள் தண்டின் பக்கங்களில் நெருக்கமாகவும் முனைகளில் கலைந்தும் மூடியிருக்கும். வளர்ந்தபோது இருந்த சூழல் விட்டுச்சென்ற அடையாளம் அது. பாப்பனங்கோட்டு ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொண்டது அதைத்தான். நம் உடலில் உள்ள சிஸ்டீன், குளுட்டதையோன் என்ற கந்தகம் கொண்ட மூலக்கூறுகள், மூடல் தளர்ந்த முனைகளில் மட்டும் போய்ப் பற்றிக்கொண்டன. பிறகு தண்டுகள் முனைக்கு முனை சேர்ந்து வரிசையாயின. வரிசையானதும் ஒளி உறிஞ்சல் மாறியது. மற்ற அமினோ அமிலங்களுக்கு இந்த மாற்றம் இல்லை. 2004, 2005 ஆண்டுகளில் வெளிவந்த அந்தக் கட்டுரைகள், சிஸ்டீனை இனங்காண ஒரு வழியைத் திறந்தன. முனை வேறு, பக்கம் வேறு என்ற வேறுபாடு குடுவையில் வளர்ந்த நேரத்தில் உண்டானது. அது இல்லையேல் இந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. 2006இல் ஜார்ஜ் தாமசுக்குச் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்ததில் இந்நகரம் பெருமைப்பட நியாயம் உண்டு.

இங்கே இளம் ஆய்வாளர்களிடம் சற்று அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். பொன் தண்டு செய்யும் முறை வெளியாகிச் சில ஆண்டுகள் வரை, பல ஆய்வகங்களில் ஒரு துயரம் தொடர்ந்தது. செய்முறையை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியும் சிலருக்குத் தண்டு வரவில்லை, கோளங்களே வந்தன. மாணவர்கள் தங்கள் கையைச் சந்தேகித்தார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கோர்கெலின் குழு, பல விற்பனையாளர்களிடமிருந்து அதே சோப்புப் பொருளை வாங்கி ஒரே முறையில் செய்து பார்த்தது. சில நிறுவனங்களின் சரக்கில் தண்டு வந்தது. சிலவற்றில் வரவே இல்லை. 2009இல் காரணத்தைக் கண்டார்கள்: சரக்கில் கலந்திருந்த அயோடைடு. பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று எண்ணும் அளவுக்குச் சொற்பமான மாசு. அது பொன்னின் ஒரு முகத்தில் ஒட்டி, நீள வேண்டிய தண்டை நீளவிடாமல் செய்தது. அந்த மாணவர்களின் கையில் குறையில்லை. புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் அந்த மாசு எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அந்தச் சோப்புப் பொருள் நீரில் கரைந்து நிற்க ஏறத்தாழ 25 டிகிரியாவது வேண்டும். குளிர்ந்தால் வெண்படிகமாகப் பிரிந்துவிடும். திருவனந்தபுரத்தில் சன்னல் திறந்த அறையில் பெரும்பாலான நாள்களில் இந்தத் தொல்லை இல்லை. ஏசியை 20இல் வைத்த அறையில் மறுநாள் காலை குடுவையின் அடியில் வெள்ளைப் படிவு இருக்கும். இரண்டு அறையிலும் இருப்பவர்கள் தங்கள் கட்டுரையில் எழுதுவது அறை வெப்பநிலை என்றுதான். டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு என்ற திரவத்திலிருந்து நானோ டைட்டானியா செய்பவர்களுக்கு இடவப்பாதி மழை தொடங்கினால் வேறு கவலை. அந்தத் திரவம் காற்றின் ஈரத்தோடே வினைபுரியும். மூடியைத் திறந்த சற்று நேரத்தில் புட்டியின் வாயில் வெள்ளைப் பொருக்கு தட்டும். நாம் நீரைச் சேர்க்கும் முன்பே வானம் சேர்த்துவிட்டது. ஜனவரியில் செய்த துகளும் ஜூனில் செய்த துகளும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை? அறையின் சூடு, ஈரப்பதம், வேதிப்பொருளின் தொகுதி எண், எதை முதலில் ஊற்றினோம், கலக்கியின் வேகம் ஆகிய இவற்றையும் கட்டுரையில் எழுதினால்தான் செய்த பொருள் இன்னதென்று சொன்னதாகும். தோற்ற முயற்சிகளின் குறிப்பும் அதே கவனத்தோடு எழுதப்பட வேண்டும். அயோடைடு அகப்பட்டது தோற்ற குடுவைகளைத் தூக்கி எறியாதவர்களுக்கே.

வளரவிடுவதைப் போலவே வளரவிடாமல் காப்பதும் ஒரு வேலை. சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழு செய்த ஆர்சனிக் வடிகட்டி அதற்கு நல்ல சான்று. ஃபெரிஹைட்ரைட் என்ற இரும்புச் சேர்மம் மிக நுண்ணிய, ஒழுங்கு குறைந்த நிலையில் ஆர்சனிக்கை நன்றாகப் பற்றும். ஆனால் அது நிலையற்றது. விட்டால் ஒழுங்கான பெரிய படிகமாக முதிர்ந்து, பற்றும் திறனை இழந்துவிடும். இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் இழைகளுக்கு நடுவே, நீரில், அறைச் சூட்டுக்கு நெருக்கத்திலேயே அதை உருவாக்கி, முதிராதபடி அடைத்து வைத்தார்கள். மேற்கு வங்கக் கிராமங்களில் ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரைக் குடித்து நோயுற்றவர்களை நினைத்தால், ஒரு துகளின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். சூளையும் கடும் அமிலமும் இல்லாமல் அதைச் செய்தார்கள் என்பதையும் நான் மதிக்கிறேன்.

அமிலத்தைச் சொல்லும்போது கொச்சுவேளிக் கடலைச் சொல்லாமல் விட முடியாது. சல்பேட் முறையில் வெள்ளைத் தூளோடு நீர்த்த அமிலமும் அன்னபேதியும் பெருமளவில் கழிவாக வருகின்றன. அந்தக் கரையில் வலை வீசுபவர்கள் நெடுங்காலமாக அதைப் பற்றி முறையிட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் முறையீடு நியாயமானது. ஒரு துகளை எந்தச் சூழலில் வளர்க்கிறோம் என்ற கேள்வி குடுவைச் சுவரோடு முடிந்துவிடக் கூடாது. எவ்வளவு அமிலம், எவ்வளவு கழுவு நீர், அது எங்கே போகிறது என்பதும் அந்தச் செய்முறையின் வரிகள்தாம்.

கடைசியாக, கொச்சுவேளி ஆலைக்கும் பாப்பனங்கோட்டு ஆய்வகத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றி. ஐம்பது மில்லிலிட்டர் குடுவையில் இரண்டு கரைசல்கள் ஒரு நொடியில் கலந்துவிடும். ஆலையின் தொட்டியில் அதற்கு நிமிடங்கள் ஆகும். கருக்கள் அவ்வளவு நேரம் காத்திருக்காது. தொட்டியின் ஒரு மூலையில் பிறப்பு முடிந்து வளர்ச்சி தொடங்கியிருக்கும்போது, மறு மூலையில் விதையே போய்ச் சேர்ந்திருக்காது. குடுவையில் ஒரே அளவாக வந்த துகள், தொட்டியில் பல அளவாக வருவது இதனால்தான். நல்ல ஆய்வுகள் பல தாளோடு நின்றுபோவதற்கும் இது ஒரு பெரும் காரணம். இதைத் தீர்க்கத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டால், குடுவையில் பட்டம் பெற்றவர்களோடு, முப்பது ஆண்டு சூளை வாயில் நின்று தூளின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்பவர்களையும் நான் சேர்ப்பேன். ஆலையின் தினசரிப் பதிவேடுகளில் மணலின் தரம், விதையின் அளவு, சூளைச் சூடு, கிடைத்த தூளின் வெண்மை ஆகியவை தொகுதி வாரியாக எழுதப்படுகின்றன. நம் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஒரு பருவம் அந்தப் பதிவேடுகளோடு உட்கார்ந்து, அந்தத் தொழிலாளர்களிடம் கேட்டுக் கற்க வேண்டும். ஆலைக்காரர்களும் பாப்பனங்கோட்டுக்கும் காரியவட்டப் பல்கலைக்கழக வளாகத்துக்கும் வந்து, தங்கள் தூளை மின்னணு நுண்ணோக்கியில் தங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். நகரப் பேருந்து போகும் தூரம்தான். இதற்கு ஏற்பாடு செய்யக் கூடியவர்கள் இந்த அரங்கிலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை விண்ணப்பமாகவே வைக்கிறேன்.